வியாழக்கிழமைச் சீட்டில் எங்கே புள்ளடி?

வருகிற வியாழக்கிழமை பகல் 12.30க்கு எங்கள் அரசாங்கக் கந்தோர் கன்டீனில் சங்கக் கூட்டம். எந்த வழியில் போராடுவது என்று கேட்டு, அரைத்தாளில் நான்கு கட்டங்கள் அடித்த சீட்டு ஒன்று தருவார்கள். காலவரையற்ற வேலைநிறுத்தம், இரண்டு நாள் சுகவீன விடுமுறை, சட்டப்படி வேலை (கடமைப் பட்டியலில் உள்ளதை மட்டும் செய்வது), மகஜரும் வழக்கும். ஒன்றுக்குத்தான் புள்ளடி போடலாம்.

பக்கத்து மேசையில் இருப்பவள் பதுளைப் பிள்ளை. சேவைக்கு வந்து இரண்டரை வருடம், தகுதிகாண் காலம் இன்னும் முடியவில்லை. "அக்கா, நீங்க எதுக்குப் போடப் போறீங்க?" என்று திங்கட்கிழமையிலிருந்து கேட்கிறாள். நான் இருபத்திரண்டு வருடமாக இந்தக் கொழும்பில் கோப்புத் தூக்குகிறவள். பல போராட்டங்களில் நின்றிருக்கிறேன், சிலவற்றில் பயந்து வீட்டில் இருந்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குறை பெரிதாகப் புதிதல்ல. பதவி உயர்வுப் பரீட்சை இழுபடுகிறது. ஆள் ஓய்வுபெற்றுப் போன மூன்று மேசைகள் வெறுமையாகக் கிடக்கின்றன, அந்த வேலை எங்கள் தலையில். மேலதிக நேரத்தை வெட்டிவிட்டார்கள், மேலதிக வேலையை வெட்டவில்லை. சம்பளம் கூடினது உண்மைதான், ஆனால் எப்படிக் கூடினது என்று பார்க்க வேண்டும்.

2025 பட்ஜெட்டில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆனது. தாளில் பார்த்தால் 15,750 கூடுதல். பழைய படிகள் சிலவற்றை அடிப்படைக்குள் கரைத்ததால் உண்மையான கூடுதல் 8,250. அதையும் ஒரேயடியாகத் தரவில்லை. 2025 ஏப்ரலில் 5,000 ரூபாயும் மீதியில் 30 வீதமும், எஞ்சிய 70 வீதம் 2026 ஜனவரிக்கும் 2027 ஜனவரிக்கும் என்று பிரித்துப் போட்டார்கள். இதைச் சந்தையோடு வைத்துப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்குள் 69.8 வீதம் ஏறியிருந்தது. உணவு மட்டும் 94.9 வீதம். பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். விலை ஏறும் வேகம்தான் இறங்கியது. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே இருக்கிறது என்பது கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் பை கொண்டு போகிற எல்லாருக்கும் தெரியும்.

ஆக, கோபத்துக்குக் காரணம் உண்டு. கோபம் உண்டு என்பதற்காக நான்கு கட்டத்தில் எது என்பது தானாகத் தெரிந்துவிடாது. கூட்டத்தில் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டி எங்கள் கையில் தருகிறார்கள்.

நோ பே என்பது எங்கே கடிக்கும்

காலவரையற்ற வேலைநிறுத்தத்தை முதலில் எடுக்கிறேன், கன்டீனில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

நோ பே என்றால் வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. ஒரு கணக்கு. ஒருவரின் அடிப்படை 45,000, வாழ்க்கைச் செலவுப் படி 17,800 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 62,800. முப்பதால் பிரித்தால் நாளுக்கு 2,093 ரூபாய். பத்து நாள் வெளியே நின்றால் ஏறக்குறைய 20,900 போகும். மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒன்றுதானே, தாங்கலாம் என்று தோன்றும். ஆனால் எங்களில் யார் மொத்தச் சம்பளத்தைக் கையில் பார்க்கிறோம்? இடர் கடன், வங்கிக் கடன், பண்டிகை முற்பணம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம், சங்கச் சந்தா, எல்லாம் கழித்து 34,000 கைக்கு வருகிறது என்றால், நோ பே போன மாதம் வருவது 13,100. வங்கி தன் தவணையில் ஒரு சதம் குறைக்காது. நோ பே மொத்தத்தில் கணக்கிடப்பட்டு, கையில் வரும் மிச்சத்தைத்தான் கடிக்கிறது. நாங்கள் கேட்பது மாதம் 2,500 ரூபாய்க்கான ஒரு திருத்தம் என்றால், வென்றாலும் அந்தப் பத்து நாளை மீட்க எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். தோற்றால் மீட்பே இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து போகச் சொல்லவில்லை. எத்தனை நாள் தாங்குவோம் என்பதை வெளியே போகும் முன்பே ஒவ்வொருவரும் தன் சம்பளச் சீட்டில் எழுதிப் பார்க்க வேண்டும் என்கிறேன். தாங்கும் நாள் ஐந்து என்றால், "காலவரையற்ற" என்ற சொல்லுக்கு ஐந்து நாள் என்று அர்த்தம். அரசாங்கத்துக்கும் அது தெரியும்.

அடுத்தது சட்டம். இந்த நாட்டில் சங்கம் அமைக்கவும் சேரவும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வேலைநிறுத்த உரிமை என்று தனியாக ஒரு வரி அங்கே இல்லை. தனியார் துறைக்காரர் ஓடிப்போய் நிற்கும் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம், முதலாளியாக இருக்கும் அரசாங்கத்துக்குப் பொருந்தாது. மின்சார சபை, துறைமுகம் போன்ற கூட்டுத்தாபனங்களில் இருப்பவர்களுக்கும் அமைச்சு, திணைக்களக் கதிரையில் இருக்கும் எங்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் உண்டு. இதற்கு மேல் 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசியப் பொதுச் சேவைகள் சட்டம். ஜனாதிபதி ஒரு வர்த்தமானி போட்டு, உங்கள் சேவை அத்தியாவசியம் என்று சொல்லிவிட்டால், மறுநாள் வேலைக்கு வராமல் இருப்பது குற்றம். மற்றவரை வராதே என்று தூண்டுவதும் குற்றம். நீதவான் முன்னால் குற்றவாளியானால் கடூழியச் சிறை வரை போகலாம். மின்சாரம், எரிபொருள், ஆஸ்பத்திரி, புகையிரதம் என்று எந்த அரசாங்கம் வந்தாலும் இந்த வர்த்தமானி அச்சாகிக்கொண்டே இருக்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது இந்தச் சட்டத்தை ஏசியவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதே அச்சகத்துக்குத்தான் அனுப்புகிறார்கள்.

இந்தச் சட்டம் வந்த மறுவருடமே அதன் பல் தெரிந்தது. 1980 ஜூலை. மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் அவசரகால நிலை கொண்டுவந்து, வராதவர்கள் பதவியை வெறிதாக்கிவிட்டார்கள் என்று அறிவித்தது. 40,000க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பின்னாளில் பலர் திரும்ப எடுக்கப்பட்டார்கள், எல்லாரும் அல்ல, எடுக்கப்பட்டவர்களும் போன வருடங்களைத் திரும்பப் பெறவில்லை. கொழும்புத் தமிழருக்கு ஜூலை என்றால் 83தான் நினைவு வரும். எங்கள் சங்கத்து மூத்த சிங்கள நண்பர்கள் "ஜூலி" என்று பெருமூச்சு விட்டால் அவர்கள் சொல்வது 80ஐ. நான் சேவைக்கு வந்த புதிதில் இது புரியாமல் ஒருவரோடு பத்து நிமிடம் வேறு வேறு ஜூலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்கும் முன்னால் 1947. அரசாங்க எழுதுவினைஞர்களும் சேர்ந்த பொது வேலைநிறுத்தம். அந்த வருடம் ஜூன் 5ஆம் திகதி தெமட்டகொடை, கொலன்னாவைப் பக்கம் ஊர்வலத்தின் மீது பொலிஸ் சுட்டதில் இறந்தவர் வி. கந்தசாமி, ஒரு தமிழ் எழுதுவினைஞர். அதே ஜூனில்தான் இன்றுவரை அவசரகாலச் சட்டத்துக்கு அடிப்படையாக இருக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. சங்கத் தலைவர் டி.பி. இலங்கரத்ன வேலையை இழந்தார், அடுத்த வருடம் இடைத்தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனார். கந்தசாமியின் பெயரை எங்கள் சங்க மேடையில் இன்றும் சொல்கிறார்கள். சிங்கள உச்சரிப்பில் சொல்கிறார்கள், அது பரவாயில்லை.

1980இல் போனவர்களும் இன்றைய எங்களைப் போலத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். அவர்களைத் தோற்கடித்தது கோழைத்தனம் அல்ல. ஆளும் கட்சிச் சங்கம் உள்ளே நின்று வேலை செய்தது, அரசாங்கம் முன்கூட்டியே தயாராக இருந்தது, அவர்களை மாதக்கணக்கில் தாங்க எந்த நிதியும் இல்லை. எங்கள் சங்கத்தில் போராட்ட நிதி எவ்வளவு என்று போன கூட்டத்தில் கேட்டேன். பொருளாளர் சொன்ன தொகையில் ஒரு நல்ல கலியாண வீட்டுக்குக்கூடச் சாப்பாடு எடுக்க முடியாது.

யாருடைய கதவு மூடினால் நாட்டுக்குத் தெரியும்

வேலைநிறுத்தம் வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு வேலை செய்கிறது. ரயில் சாரதிகள் காலையில் நிறுத்தினால் கோட்டையில் எட்டு மணிக்கே தெரியும். வைத்தியர்கள் நிறுத்தினால் வெளிநோயாளர் பிரிவில் ஒன்பது மணிக்குத் தெரியும். நாங்கள் நிறுத்தினால்? ஒரு பென்ஷன் கோப்பு பதினைந்து நாள் தாமதிக்கும். அது வழமையான தாமதமா, வேலைநிறுத்தத் தாமதமா என்று மக்களுக்கு எப்படித் தெரியும்? இது எங்கள் மேலேயே நான் சொல்லும் பகிடி, ஆனால் முழுப் பகிடியும் அல்ல. எங்கள் கதவு மூடினால் நோவது அமைச்சருக்கு அல்ல, பிறப்புச் சான்றிதழ் திருத்த மட்டக்குளியிலிருந்து பஸ் ஏறி வந்த தாய்க்கு.

பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் 2024 மே 2இல் இறங்கி இரண்டு மாதத்துக்கும் மேல் வெளியே நின்றார்கள். அவ்வளவு நாள் ஒரு நிறுவனம் அவர்களில்லாமல் தள்ளாடியாவது ஓட முடிந்தது என்பதே அந்தப் போராட்டத்தின் சிக்கல். தபால்காரர்கள் 2025 ஓகஸ்ட் 17 நள்ளிரவிலிருந்து ஒரு வாரம் நிறுத்தினார்கள், மேலதிக நேரம், கைரேகைப் பதிவு இயந்திரம் முதலிய கோரிக்கைகளோடு. 24ஆம் திகதி முடித்துக்கொண்டார்கள், கைரேகை விஷயத்தில் அரசாங்கம் இறங்கவில்லை. கடிதம் ஒரு வாரம் பிந்தினால் கலங்கிப் போகிற நாடு இப்போது இல்லை, வாட்ஸ்அப் இருக்கிறது. பழைய பலத்தை நம்பிப் புதிய காலத்தில் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஆசிரியர்கள் கதை வேறு. 2021 ஜூலை 12இலிருந்து அவர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் எப்படியும் பூட்டியிருந்தன. இலங்கை ஆசிரியர் சங்கத்தின் ஜோசப் ஸ்டாலினும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டு, முல்லைத்தீவுக்குத் தனிமைப்படுத்தலுக்கு ஏற்றப்பட்டதில் சங்கங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. மூன்று மாதத்துக்கு மேல் நீண்டது. இருபது வருடத்துக்கும் மேலான சம்பள முரண்பாட்டுக்கு சுபோதினி குழு சொன்ன தீர்வில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் வந்தது. மிச்ச இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26இல் கொழும்பில் திரும்ப இறங்கினார்கள், கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் வாங்கினார்கள். மூன்றில் ஒன்று என்பது தோல்வியா வெற்றியா? எங்கள் கன்டீனில் இதைப் பற்றி இரண்டு கட்சி. நான் வெற்றிக் கட்சி. ஏனென்றால் அதற்கு முன் ஒவ்வொரு அரசாங்கமும் குழு ஒன்றை நியமித்து அந்த அறிக்கையை அலுமாரியில் வைத்தது. இந்த முறைதான் அறிக்கை சம்பளச் சீட்டில் ஒரு வரியாக வந்தது. ஆனால் கவனியுங்கள்: அவர்கள் இரண்டரை இலட்சம் பேர் வரை, ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள், பெற்றோர் அவர்களைப் பெயரால் அறிவார்கள். எங்களைக் கவுண்டர் நம்பரால் அறிகிறார்கள்.

மறுபக்கத்தையும் நான் அனுபவித்தவள். 2024 ஆரம்பத்தில் வைத்தியர்களின் படி 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக்கப்பட, எங்களுக்கும் அதுபோலத் தா என்று மற்றச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் இறங்கின. ஆஸ்பத்திரிகளுக்குப் படையினரை அனுப்பினார்கள். அந்த நாட்களில் ஒன்றில் அம்மாவுக்கு கிளினிக். விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டோ பிடித்துப் போய், டொக்டரைக் கண்டு, துண்டு வாங்கி, மருந்து கொடுக்குமிடத்துக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. சர்க்கரை மாத்திரைக்கு வெளியில் பார்மசியில் நாலாயிரம் சொச்சம். அம்மா சொன்னார்: "அவையளும் பாவங்கள்தான் பிள்ளை, ஆனா நான் என்ன செய்தனான்?" அவர்களுடைய கோரிக்கை நியாயமென்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

இரண்டு நாள் காய்ச்சல்

சீட்டின் இரண்டாவது கட்டம் இது. இதற்குத்தான் வாக்கு கூடுதலாக விழும் என்பது என் ஊகம், ஏனென்றால் செலவில்லாதது போலத் தெரிகிறது. லீவு இருக்கிறது, எடுக்கிறோம், நோ பே இல்லை. அதனால்தான் எனக்கு இது பிடிக்கவில்லை.

ஐயாயிரம் பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் என்று அரசாங்கம் நம்பாது, மக்கள் நம்பமாட்டார்கள், காய்ச்சல்காரரும் நம்பவில்லை. எல்லா லீவும் ரத்து என்று ஒரு அறிவித்தல் வந்தவுடன், சங்கத்தின் கூட்டு முடிவாக இருந்தது தனித்தனி ஆளின் பொய்யாக மாறிவிடும். அப்போது நிர்வாக அதிகாரி சங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார். உங்களைக் கூப்பிடுவார், மருத்துவச் சான்றிதழ் எங்கே என்று. நோயாளி என்று பதிந்துவிட்டு கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு முன்னால் கொடி பிடித்த படம் முகநூலில் இருந்தால், அதுவே கோப்பில் முதலாவது இணைப்பு. தகுதிகாண் காலத்தில் இருக்கும் பதுளைப் பிள்ளைக்கு இது மிக மோசமான தெரிவு. வெளியே நின்றால் குறைந்தது கொள்கை என்று சொல்லலாம். இதில் பிடிபட்டால் நேர்மை பற்றிய கேள்வி, நிரந்தரமாக்கும் நேரத்தில் அதுதான் எழுந்து நிற்கும். ஆசிரியர்கள் செய்தார்கள், மின்சார சபைக்காரர் செய்தார்கள் என்கிறார்கள். செய்தார்கள். அவர்கள் எண்ணிக்கையும் பலமும் எங்களிடம் இல்லை.

ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தம் என்று ஒரு கட்டம் ஏன் சீட்டில் இல்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. 2023 மார்ச் 15இல் வரி உயர்வுக்கு எதிராகப் பல துறைகள் ஒரே நாள் நிறுத்தினபோது நாங்களும் நின்றோம். ஐந்து நாளில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் அனுமதியானது, வரி அப்படியே இருந்தது. ஆனாலும் அன்று எத்தனை பேர் வருவோம் என்று எங்களுக்கே தெரிந்தது. ஒரு நாள் நோ பேயில் வாங்கிய கணக்கெடுப்பு.

கடமைப் பட்டியலில் இல்லாதவை

மூன்றாவது கட்டம், சட்டப்படி வேலை. இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இளைஞர்கள் கொட்டாவி விடுகிறார்கள். ஒரு நாள் உட்கார்ந்து, நான் செய்கிறவற்றில் எது என் கடமைப் பட்டியலில் இல்லை என்று எழுதிப் பார்த்தேன். மாலை 4.15க்குப் பிறகு வரும் வாட்ஸ்அப் கட்டளைகள். என் சொந்த டேட்டாவில் அனுப்பும் மின்னஞ்சல். வெறும் மேசை மூன்றில் ஒன்றின் முழு வேலை, பதில் கடமைக் கடிதம் இல்லாமல். எங்கள் மேலதிகாரியான சேரின் மகளின் பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தது (ஒருமுறைதான்). சிங்களச் சுற்றறிக்கையைத் தமிழாக்குவது. பிரிண்டருக்கு மை முடிந்தால் காசு சேர்த்து வாங்குவது. எழுதி முடித்தபோது ஒரு பக்கம் நிறைந்தது. இந்தத் திணைக்களம் ஓடுவது கடமைப் பட்டியலால் அல்ல, அந்த ஒரு பக்கத்தால்.

அதை நிறுத்தினால் நோ பே இல்லை. காலை 8.30க்குக் கையெழுத்து, மாலை 4.15க்குக் கையெழுத்து, இடையில் என் மேசை வேலை சுத்தமாக. கவுண்டருக்கு வந்த தாய் திரும்பிப் போகவேண்டியதில்லை. ஆனால் வெற்று மேசைக் கோப்புகள் குவியத் தொடங்கும், குவிவது எண்ணக்கூடியதாக இருக்கும். "இந்த மூன்று வெற்றிடத்தால் இரண்டு வாரத்தில் இத்தனை கோப்பு நின்றது" என்று சங்கம் எழுத்தில் கொடுக்கலாம். ஆளில்லை என்று வாயால் பத்து வருடம் சொன்னதைவிட அது கனக்கும். கூடவே மதிய இடைவேளையில் வாசலில் பதாகையோடு நிற்கலாம், அந்த நேரம் எங்களுடையது.

குறைகளும் சொல்ல வேண்டும். இது மெதுவானது, மூன்றாவது வாரத்தில் சுருதி இறங்கும். யாராவது ஒருவர் சேரின் முகத்துக்காக ஆறு மணி வரை இருப்பார், அடுத்த நாள் இன்னொருவர். மேலதிகாரிகள் வேலையை மூத்தவரிடமிருந்து எடுத்து, மறுக்கத் துணியாத புதியவர்களிடம் கொடுப்பார்கள், பதுளைப் பிள்ளைதான் முதலில். ஆகவே இது சங்கத் தலைவரின் பேச்சாக இருந்தால் போதாது. எது செய்யமாட்டோம் என்ற பட்டியல் எழுத்தில் வேண்டும், சங்கத்தின் முத்திரையோடு திணைக்களத் தலைவருக்குப் போக வேண்டும், தகுதிகாண் காலத்தவர் அதில் பெயர் வைக்காமல் பாதுகாக்கப்பட வேண்டும். அப்படியில்லாத சட்டப்படி வேலை ஆளாளுக்கு முகம் சுளிப்பதாக முடியும்.

கோடீஸ்வரன் கேட்ட சம்பள ஏற்றம்

நான்காவது கட்டத்தைக் கன்டீனில் பகிடி பண்ணுகிறார்கள், "மகஜர் கொடுத்து மண்டை நரைச்சதுதான்" என்று. அவர்களுக்கு ஒரு எழுதுவினைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1961இல் ஒரு திறைசேரிச் சுற்றறிக்கை: குறித்த காலத்துக்குள் சிங்களத் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் இல்லை. கோடீஸ்வரன் என்ற தமிழ் உத்தியோகத்தரின் 1962 சம்பள ஏற்றம் அப்படி நிறுத்தப்பட்டது. அவர் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றம், அரச முடியின் சேவகர், அதாவது அரச ஊழியர், சம்பளத்துக்காக அரச முடி மீது வழக்காடவே முடியாது என்று திருப்பியது. 1969இல், அன்று எங்கள் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதைத் தட்டிவிட்டு, வழக்காடலாம் என்றது. இந்த நாட்டில் அரச ஊழியர் யாராக இருந்தாலும், எந்த மொழிக்காரராக இருந்தாலும், தன் சம்பளத்துக்காக அரசாங்கத்தை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்பதை ஒரு தமிழ் எழுதுவினைஞரின் ஒரு சம்பள ஏற்றம் நிறுவியது. எங்கள் சங்கத்துச் சிங்கள நண்பர்களுக்கு இதைச் சொன்னபோது ஆச்சரியப்பட்டார்கள். தமிழ் நண்பர்களும் அதே அளவுக்கு ஆச்சரியப்பட்டது எனக்கு ஆச்சரியம்.

அதே கதைதான் இந்த வழியின் பலவீனமும். ஏழெட்டு வருடம் போனது. அவர் உண்மையில் கேட்ட பெரிய கேள்வி, மொழிச் சட்டம் செல்லுமா என்பது, திரும்ப உள்ளூர் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்குள் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடே ஒழிக்கப்பட்டு, 1972இல் புதிய அரசியலமைப்பு வந்துவிட்டது. கேள்விக்குப் பதில் வரவேயில்லை.

இப்போது கதவுகள் கூடுதலாக இருக்கின்றன. அரச சேவை ஆணைக்குழு, அதன் முடிவுக்கு மேல் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபை, சமத்துவம் மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்கு. இந்தக் கடைசிக் கதவு ஒரு மாதத்துக்குள் பூட்டிவிடும், மீறல் நடந்த நாளிலிருந்து. கூட்டம் வைத்து, தீர்மானம் போட்டு, தலைவர் வெளிநாட்டிலிருந்து வரட்டும் என்று பார்த்திருந்து அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்ட அனுபவம் எங்களுக்கே உண்டு. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால், வெற்றிடம் எத்தனை, பரீட்சை ஏன் நிற்கிறது என்பதற்குத் தருவதா இல்லையா என்று பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குச் சங்கம் தேவையில்லை, முத்திரையும் தேவையில்லை. இதைச் செய்வதற்கு வாக்கெடுப்பு எதற்கு என்பதுதான் எனக்கு விளங்காத இன்னொன்று. நான்காவது கட்டத்தை மற்ற மூன்றோடு போட்டிக்கு விட்டதே பிழை. எந்தக் கட்டம் வென்றாலும் இது நாளைக்கே நடக்க வேண்டியது.

சும்மா இருப்பது என்ற ஐந்தாவது தெரிவும் உண்டு, சீட்டில் இல்லாவிட்டாலும். 2027 ஜனவரித் தவணை வரும்தானே, ஓய்வூதியம் இருக்குதானே, வெளியில் எத்தனை பேர் இதுவும் இல்லாமல் இருக்கிறார்கள். இதைச் சொல்கிறவர்களை நான் கேலி செய்வதில்லை, அவர்களில் பாதிப்பேர் கடனில் கழுத்தளவு நிற்கிறவர்கள். ஆனால் பரீட்சையும் வெற்றிடமும் எந்தத் தவணையிலும் வருவதாக யாரும் சொல்லவில்லை.

தமிழ்க் கவுண்டர்

இது சங்கத் துண்டுப் பிரசுரத்தில் இல்லாத விஷயம். எங்கள் பிரிவில் தமிழில் எழுதி வாசிக்கக்கூடியவர்கள் நானும் பதுளைப் பிள்ளையும் மட்டும். கொழும்பும் திம்பிரிகஸ்யாயவும் இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை, தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் கவுண்டரில் மொழி சட்டத்தில் இருந்து வருவதில்லை, கதிரையில் இருக்கும் ஆளிடமிருந்து வருகிறது. வேலைநிறுத்தத்தில் பாதிப்பேர் போய்ப் பாதிப்பேர் உள்ளே இருந்தால், சிங்களத்தில் வேலை ஊர்ந்தாவது நடக்கும். நாங்கள் இரண்டு பேரும் போனால் தமிழில் வேலை சுத்தமாக நிற்கும். போகாமல் இருந்தால் "தமிழ் ஆட்கள் காட்டிக்கொடுத்தார்கள்" என்ற பேச்சு வரும். ஒரு தடவை வந்தது. யார் சொன்னார் என்பதை விடுங்கள், பிறகு மன்னிப்புக் கேட்டார்.

பதுளைப் பிள்ளை இந்த நான்கு கட்டத்தையும் என்னைவிடக் கூடுதலாகப் பயந்து பார்ப்பதற்கு இது ஒரு காரணம். சட்டப்படி வேலையில் மட்டும்தான் இந்தக் கத்தி எங்கள் கழுத்தில் இல்லை. கவுண்டர் திறந்திருக்கும், தமிழும் திறந்திருக்கும், நாங்கள் சங்கத்துக்குள்ளேயும் இருப்போம்.

ஆக, பிள்ளை, நான் மூன்றாவது கட்டத்தில் புள்ளடி போடுவேன். போடுமுன் எழுந்து இரண்டு விஷயம் கேட்பேன்: செய்யமாட்டோம் என்ற பட்டியல் எழுத்தில் வருமா, தகவல் உரிமை விண்ணப்பம் வெள்ளிக்கிழமை காலையிலேயே போகுமா. இல்லை என்றால் என் புள்ளடி முதலாவது கட்டத்துக்கு நகரக்கூடும். ஆறு நாள் தாங்குவேன், சம்பளச் சீட்டில் எழுதிப் பார்த்துவிட்டேன். நீ தகுதிகாண் காலத்தில் இருப்பதால் எனக்குச் சரியானது உனக்குச் சரியென்று எடுக்காதே.

நேற்று நாலு மணிக்குச் சங்கச் செயலாளர் மேசைக்கு வந்தார். கையில் வியாழக்கிழமைப் பிரசுரம், முழுக்கச் சிங்களம். "நங்கி, நாளைக்குள் இதைத் தமிழில் போட்டுத் தருவாயா?" என்றார். சட்டப்படி வேலை வென்றால் மொழிபெயர்ப்பு என் கடமைப் பட்டியலில் இல்லை, அதையும் நிறுத்தவேண்டி வரும் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "வியாழனுக்குப் பிறகுதானே" என்றார். வாங்கி வைத்திருக்கிறேன். "காலவரையற்ற" என்ற இடத்தில் நின்றுபோயிருக்கிறது.